பொட்டு வைத்த டை ராடு

பழனிசெட்டிபட்டி,
வெள்ளி மாலை, ஜூன் 2003

கம்பத்தில் இருக்கும் அன்புள்ள வேல்பாண்டி சித்தப்பாவுக்கு பவானி வணக்கத்துடன் எழுதுவது. இதை எழுதும் நிமிடம் வரை இங்கே எல்லோரும் நலம். அங்கே சித்தியும் நலந்தானே? போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் போன் அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதனால் கம்பத்துக்குப் பஸ் ஏறப்போகும் மூக்கம்மாள் அத்தையிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

திங்கட்கிழமை நான் மூணாறு எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர வேண்டும். "எம் மகள நானே கார்ல கொண்டுபோயி விடுவேன்" என்று அப்பா தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். காரோ திரும்பும்போதெல்லாம் முன்பக்கம் டொக் டொக்கென்று தட்டுகிறது. மெக்கானிக் தவசி அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, "பால் ஜாயிண்ட், டை ராடு எண்டு எல்லாம் தேஞ்சுபோச்சுண்ணே. நாலு நாளு வண்டிய விட்டுட்டுப் போங்க" என்றார். அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "தோட்டத்து மோட்டாரக் கழட்டி மாட்டுறவனுக்கு இது ஒரு வேலையா?" என்று சாமான்களை வாங்கி வந்து வாசலிலேயே ஜாக்கி போட்டுவிட்டார். பால் ஜாயிண்ட் லேசில் கழன்று வரவில்லை. சம்மட்டியால் அடித்தார், கடப்பாரையால் நெம்பினார், கடைசியில் கெஞ்சினார். பக்கத்து வீட்டிலிருந்து, போர் போடுகிறீர்களா என்று கேட்டு ஆள் வந்தது.

டை ராடு எண்டு என்பது சக்கரத்தைத் திருப்பும் கம்பியின் நுனியில் திருகி மாட்டுகிற மூட்டு. பழையது எதுவரை ஏறியிருந்ததோ அதுவரை புதியதும் ஏறினால்தான் சக்கரம் நேராக நிற்கும். இது அப்பாவுக்குத் தெரியும். பெயிண்ட் கிடைக்காததால் பூஜை அறைக் குங்குமத்தை எண்ணெயில் குழைத்து, இரண்டு பக்கக் கம்பியிலும் அளவுக்கு ஒவ்வொரு பொட்டு வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். வெள்ளிக்கிழமையல்லவா, தலைக்குக் குளித்துச் சாம்பிராணியோடு வந்த அம்மா அந்தப் பொட்டைப் பார்த்ததும், இவருக்கு இப்போதாவது பக்தி வந்ததே என்று நெகிழ்ந்து, கம்பி நெடுகச் சந்தனமும் குங்குமமுமாக வைத்து நிரப்பிவிட்டார்.

"அடியே, அது அளவுக்கு வச்ச பொட்டுடி!"

"அளவுக்குன்னா ஒரு கோடு கிழிக்க வேண்டியதான? குங்குமத்த வச்சீக, பூசைக்குன்னு நெனச்சேன். நான் என்னத்தக் கண்டேன்?"

எது அளவு, எது பக்தி என்று யாருக்கும் தெரியவில்லை. அப்பா இரண்டு பக்கமும் நடுப்பொட்டை நம்பி மாட்டினார். இப்போது ஒரு சக்கரம் மேற்கே போடி ஊரைப் பார்க்கிறது, இன்னொன்று தெற்கே வீரபாண்டி ஊரைப் பார்க்கிறது. "ஓட ஓடச் சரியாயிரும்" என்கிறார். தவசியிடம் காட்டலாம் என்றால், "அவன் சிரிப்பான்" என்கிறார். நட்டு கழலாமல் இருக்கக் குத்துகிற பின் ஒன்று மிச்சம் கிடக்கிறது. கடைக்காரர் கூடுதலாகக் கொடுத்திருப்பாராம்! மூணாறு போகும் மலைப்பாதையின் போடிமெட்டு வளைவுகளை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் படித்த நாவல்களில் மலைப்பாதை விபத்துகள் எப்போதும் அழகான காலையில்தான் நடக்கின்றன.

பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேலை உத்தரவு வந்த நாளிலிருந்து, நான் வீட்டை விட்டுப் போகிறேனே என்று அப்பா எங்களிடம் சரியாகப் பேசுவதில்லை. இந்தக் காரடியில் படுத்திருக்கும்போது மட்டும்தான் கொஞ்சம் தெளிவாக இருக்கிறார். ஆகவே சித்தப்பா, மூணாறில் ஏதோ சோலி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு ஞாயிறு காலையே உங்கள் காரில் வந்துவிடுங்கள். நான் உங்களோடு கிளம்பினால் அப்பா மனம் நோகாது.

சித்திக்கு என் வணக்கம். நம் எல்லோரையும் கௌமாரியம்மன் காக்கட்டும், முக்கியமாக வளைவுகளில்.

தங்கள் ஆசியை நாடும்
பவானி

பி.கு.: மூக்கம்மாள் அத்தை செருப்பு மாட்டுவதற்குள், நான் எழுதும்போதே எட்டிப் பார்த்திருந்த அம்மா எல்லாவற்றையும் அப்பாவிடம் உளறிவிட்டார். அப்பா கோபிக்கவே இல்லை. "வேல்பாண்டி வர்றானா? அவன் வண்டியும் திருப்பத்துல சத்தம் போடுது. வரட்டும், அதையும் பிரிச்சுருவோம்" என்று வாசலில் இடம் ஒதுக்கிக்கொண்டிருக்கிறார். "தம்பி வண்டிய அரைகுறையா போட்டுட்டு நான் எப்புடி ஆத்தா வர்றது? நீ பஸ்ல போயிரு" என்றும் சொல்லிவிட்டார். எனவே எனக்காக மூணாறு வரை அலைய வேண்டாம் சித்தப்பா. ஆனால் ஞாயிறு கட்டாயம் வாருங்கள். காரில்தான் வர வேண்டும்.