பெயர் சொல்லக் கூடாத செடி

"யாரு பூத்தது? பேரைச் சொல்லு!"

"சொல்ல முடியாதுங்க."

ஹார்டுவேர் கடையில் ஆணி எடை போட்டுக்கொண்டிருந்த மாலுசிக்கு வியர்த்தது. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, வாடிக்கையாளருக்கு முதுகைக் காட்டியபடி குரலைத் தாழ்த்தினான்.

"நொசிசா, விளையாடாதே. மூணு ஆண் செடி இருக்கு. அதுல ஒண்ணு மகரந்தப் பையைத் திறந்துடுச்சுன்னு நீதான் போன் பண்ணினே. எதுன்னு சொன்னாத்தானே நான் ஏதாவது சொல்ல முடியும்?"

"மூணு பேரும் என் மாமனாருங்க. எந்த வாயால பேரைச் சொல்றது?"

"அது செடிடி!"

"செடியா இருந்தா என்ன, பேரு பேருதானே? வச்சது நீங்க."

வைத்தது மாலுசிதான். லுசிகிசிகி என்ற ஊருக்குப் பக்கத்தில் அவன் வீட்டுக் கொல்லையில், தகர வேலிக்குள், ஏழு கஞ்சாச் செடிகள் இருந்தன. வீட்டில் வளர்த்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுத்த பிறகு ஊரில் பாதிப் பேர் வளர்க்கிறார்கள். ஆனால் கடல் பக்கமிருந்து பனிமூட்டம் ஏறி வரும் மாதத்தில் எல்லோர் செடியிலும் பூ அழுகிவிடும். அழுகாத ஒரு வகையைத் தானே உண்டாக்க வேண்டும் என்பது மாலுசியின் ஆசை. போன வருஷம் பனியில் தப்பிய ஒரே செடியின் விதைகளை மொத்தமாக விதைத்துவிட்டான். கையில் இனி ஒரு விதைகூட இல்லை. இந்த ஏழில் நல்ல அப்பாவையும் நல்ல அம்மாவையும் பொறுக்கிச் சேர்த்தால்தான் உண்டு.

நல்ல வம்சமாக வரட்டும் என்று ஆண் செடிகளுக்கு அப்பா பெயரையும் இரண்டு சித்தப்பாக்கள் பெயரையும் சூட்டினான். ஸாமிலே, வெலிலே, லுங்கிலே. அந்தப் பக்கத்து மருமகள் மாமனார் பெயரைச் சொல்ல மாட்டாள், அவர் தம்பிகள் பெயரையும் சொல்ல மாட்டாள். அது கிடக்கட்டும், அந்தப் பெயரின் ஒரு துண்டு வேறு சொல்லில் வந்தாலும் சுற்றிக்கொண்டுதான் போவாள். அவர்கள் மொழியில் 'முயற்சி பண்ணு' என்ற சொல்லில் ஸாமிலேயின் பாதி இருக்கிறது. அதனால் பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளிடம் நொசிசா ஒரு நாளும் முயற்சி பண்ணச் சொன்னதில்லை. 'ஃபெயிலாகாம வா' என்பதோடு சரி. இதையெல்லாம் யோசிக்காமல் பெயர் வைத்தவனை என்ன சொல்வது?

"சரி, பெரியவரா சின்னவரா? அதையாவது சொல்லு."

"சின்னவர்."

ஸாமிலே இல்லை. மாலுசிக்கு உயிர் வந்தது. தண்டு தடித்து, எலுமிச்சை மணத்தோடு, ஒரு புள்ளிப் பூஞ்சை இல்லாமல் நின்றது ஸாமிலேதான்.

"ரெண்டு சின்னவர்ல எந்தச் சின்னவர்?"

"அதுக்குப் பேரைத்தான் சொல்லணும்." வாடிக்கையாளர் தொண்டையைச் செருமினார்.

"தூள் பறந்து பெண் செடியில விழறதுக்குள்ள ரெண்டு பேரையும் புடுங்கி ஆட்டுக்குப் போட்டுடு!" என்று போனை வைத்தான்.

நொசிசா இரண்டு பேரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பிடுங்கிப் போட்டாள். ஆடு ருசித்துச் சாப்பிட்டது. அன்றிலிருந்து அது புல்லைப் பார்ப்பதே இல்லை. எந்நேரமும் தகர வேலியையே முறைத்துக்கொண்டு நின்றது.

இனி இந்த வம்பே வேண்டாம் என்று, மிச்சமிருந்த ஐந்து செடிகளுக்கும் மாலுசி நொசிசா வீட்டுப் பெயர்களை வைத்தான். ஸாமிலே இனி அவள் அண்ணன் புன்டு. பெண் செடிகள் நான்கும் அவள் அம்மாவும் மூன்று அக்காக்களும் ஆயின. நொசிசாவுக்குச் சந்தோஷம்தான், ஒரு வாரத்துக்கு.

ஒரு நாள் காலை, சோளக்கஞ்சிக் கிண்ணத்தோடு கொல்லையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து மாலுசி சொன்னான்: "உங்க அம்மாவுக்குப் பூஞ்சை பிடிச்சிருக்கு. இன்னிக்கே புடுங்கி எறிஞ்சுடணும்."

நொசிசா கரண்டியை வைத்தாள்.

"யாரை எறியணும்?"

"உங்க அம்மாவை. பெரியக்காவும் சரியில்ல, நெடுநெடுன்னு வளர்ந்திருக்காளே ஒழிய உடம்புல ஒண்ணுமில்ல. அவளையும் சேர்த்து."

அன்று மத்தியானம் வந்த சோளமும் அவரையும் உப்பில்லாமல் வந்தது. ராத்திரியும் உப்பில்லை. பிடுங்கப் போனபோது அம்மாவைக் காணோம். நொசிசா தொட்டியோடு தூக்கிப் போய் மற்ற அக்காக்களுக்கு நடுவில், காற்றுப் படாத மூலையில், சாக்குப் போர்த்தி ஒளித்து வைத்திருந்தாள். மாலுசி கண்டுபிடிப்பதற்குள் அம்மாவின் பூஞ்சை இரண்டு அக்காக்களுக்குப் பரவிவிட்டது. கடைசியில் தேறியது கடைக்குட்டி அக்கா ஒருத்திதான். இனி ஒரே பெண் செடி, ஒரே ஆண் செடி. இதில் ஒன்று போனாலும் எல்லாம் போச்சு.

சாப்பாட்டு மேஜையில் மாலுசி தலையில் கை வைத்து உட்கார்ந்தான்.

"ஆண் செடிக்கு உங்க அண்ணன் பேரும் வேண்டாம், எங்க அப்பா பேரும் வேண்டாம். ரெண்டு வீட்டுலயும் இல்லாத பேரா ஒண்ணு வேணும்."

சமையலறைக் கதவோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த அவன் அப்பா நிமிர்ந்தார். மனைவி போன பிறகு கிழவருக்கு அந்த நாற்காலிதான் உலகம். பாதிச் சாப்பாட்டைத் தட்டிலேயே வைத்துவிடுவார். தண்ணீர் டம்ளர் சாயங்காலம் வரை அப்படியே இருக்கும். யாராவது கேட்டால் ஒரு வார்த்தை பேசுவார், கேட்காவிட்டால் அதுவும் இல்லை.

"மங்கலிசோன்னு வை" என்றார். "அந்தப் பேரைச் சொல்லி இந்த வீட்டுல யாரும் யாரையும் கூப்பிடறதில்ல."

கிழவர் தானாக வாய் திறந்ததே பெரிது என்று மாலுசி அந்தப் பெயரையே வைத்தான்.

நொசிசாவுக்கு அது பிடித்துப்போயிற்று. கல்யாணமாகி வந்த நாளாய்ப் பாதி வார்த்தைகளைச் சுற்றிக்கொண்டு நடந்தவளுக்கு, வாய்நிறையக் கத்த ஒரு பெயர் கிடைத்ததென்றால் சும்மாவா? துணி துவைக்கும்போதும் கத்தினாள், கோழிக்குத் தீனி போடும்போதும் கத்தினாள்.

"மங்கலிசோ! என்ன கூன் போட்டு நிக்கிறே, நிமிர்ந்து நில்லு!"

"மங்கலிசோ! ஊத்தின தண்ணி அப்படியே நிக்குது. குடிக்கிறதுக்கு என்ன கேடு உனக்கு?"

"ஐயே, மங்கலிசோ! என்ன நாத்தம் நாறுறே நீ!"

இதற்கிடையில் மாலுசி வேறொன்றைக் கவனித்தான். அப்பாவின் டம்ளர் காலியாகிக்கொண்டிருந்தது. தட்டும் காலி. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார ஆரம்பித்திருந்தார். ஒரு காலை, யாரும் சொல்லாமலே குளித்துவிட்டு வந்து நின்றார்.

மாலுசி நொசிசாவைத் தனியாகக் கூப்பிட்டான்.

"அப்பா செடியில கை வைக்கிறாரோ?"

"சேச்சே. மாமாவா?"

"பின்ன இந்தத் தெம்பு எங்கேருந்து வந்துச்சு? என் செடி இலை குறையுதா பாரு."

நொசிசா பார்த்தாள். ஒரு இலை குறையவில்லை. மாலுசிக்கு அப்பாவைச் சந்தேகப்பட்டது வெட்கமாயிருந்தது. இருந்தாலும் அன்று ராத்திரி, போர்வை சரிசெய்கிற சாக்கில் குனிந்து அவர் வாயை மோந்து பார்த்தான். பற்பசை மணம்தான் வந்தது.

மங்கலிசோவின் பைகள் உப்பி வந்தன. திறக்கும் நாளில் அக்காவின் ஒரே ஒரு கிளையில் தூளைத் தடவ, கடையிலிருந்து ஒரு சின்ன பெயிண்ட் பிரஷ்ஷும் வாங்கி வைத்தான். எந்நேரமும் போன் கையிலேயே இருந்தது.

போன் வந்தது. ஆனால் நொசிசா பேசவில்லை, அலறினாள்.

"ஆடு வேலியைத் தள்ளிட்டு உள்ள போயிடுச்சு!"

மாலுசி பிரஷ்ஷைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, கடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் விட்டுவிட்டு ஓடினான். வழியெல்லாம் அழுகை வந்தது. விதை கிடையாது, இன்னொரு ஆண் செடி கிடையாது. இத்தனை வருஷமும் ஒரு ஆட்டு வயிற்றுக்குள் போகப்போகிறது.

அங்கே நொசிசா போனை எறிந்துவிட்டு, சோப்பு நுரைக் கையோடு துணிக் குவியலில் தடுக்கி விழுந்து, கிடந்த இடத்திலிருந்தே ஊர் கேட்கக் கத்தினாள்.

"மங்கலிசோ! ஐயோ, மங்கலிசோ! ஆடு! ஆடு!"

மாலுசி கொல்லைக்குள் நுழைந்தபோது, சாய்ந்து கிடந்த தகரத்தின் மேல் அப்பா நின்றுகொண்டிருந்தார். ஆட்டின் இரண்டு கொம்பும் அவர் கையில். கால் செருப்பு ஒன்றைக் காணோம். ஆட்டின் வாயில் மங்கலிசோவின் உச்சி மட்டும் தொங்கியது. கீழ்க்கிளைகள் முழுசாக இருந்தன. அதில் ஒரு பை மெல்ல விரிந்து மஞ்சள் தூள் தெரிந்தது.

மாலுசி சட்டைப்பையிலிருந்து பிரஷ்ஷை எடுத்தான். மண்டி போட்டு, தூளைப் பிரஷ்ஷில் எடுத்துப் போய் அக்காவின் கிளையில் தடவினான். தடவி முடித்த பிறகுதான் மூச்சு விட்டான். விதை வரும். பனியில் அழுகாத விதை, இந்த வீட்டு விதை. அவன் சிரித்துக்கொண்டே அழுதான்.

நொசிசா ஆட்டைக் கட்டிவிட்டு வந்து மாமனாரை மேலும் கீழும் பார்த்தாள்.

"மாமா, வாசல் வரைக்கும் நடக்க மாட்டேன்னு இருந்தீங்களே. இவ்வளவு தூரம் எப்படி ஓடி வந்தீங்க?"

கிழவர் தொலைந்த செருப்பைத் தேடிக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "பேரைச் சொல்லி அப்படிக் கத்தினா வராம என்னம்மா பண்றது? ஸாமிலேங்கறது அடையாளக் கார்டு எழுதினப்ப எனக்கு முன்னால வரிசையில நின்னவன் பேரு, எழுதினவன் தப்பா என் கார்டுல போட்டுட்டான், அதுவே நின்னுடுச்சு. எங்கம்மா எனக்கு வச்ச பேருதான் மங்கலிசோ, அவளுக்கப்புறம் அந்தப் பேரைச் சொல்லி என்னை அதட்ட ஒரு ஆளில்ல. முன்னோருங்க வந்து கேட்டா, மருமக செடியைத்தான் கூப்பிட்டான்னு நான் சொல்லிக்கறேன், நீ பாட்டுக்குக் கூப்பிடு!"