கேபிளுக்கு ஒரு பழைய டிரைவர்

"கேபிளைச் சொருகியாச்சுண்ணே. கம்ப்யூட்டர் கண்டுக்கவே மாட்டேங்குது" என்றான் தௌஹீத்.

போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் தௌஹீத்துக்கு வாக்கிடாக்கி புதுசு. எதிரே உட்கார்ந்திருந்த சீனிச்சாமிக்கோ எல்லாமே புதுசு. அவர் மலைமேல் ஏலக்காய் எஸ்டேட் சூப்பர்வைசர். அந்தச் சரிவில் செல்போன் எடுக்காது. அதனால் காய் எடுக்கும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு வாக்கிடாக்கி. அதில் நம்ம ஆள் பேச்சைவிடப் பக்கத்து எஸ்டேட் மலையாளம்தான் அதிகம் கேட்கும். போன வாரம் முதலாளி ஒன்றை வாங்கிக் காதில் வைத்தார். யாரோ ஒரு சேட்டன் மத்தி மீன் விலையை விசாரித்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமைக்குள் தனிச் சானல் மாற்றாவிட்டால் சூப்பர்வைசரை மாற்றிவிடுவேன் என்றார் முதலாளி.

சொன்னால் செய்கிற மனுசன். இத்தனை வருசம் அவர் சீனிச்சாமியை வைத்திருந்ததே ஒரே காரணத்துக்காக. எப்போது சொல்லாமல் கொள்ளாமல் ஜீப்பில் வந்து இறங்கினாலும் குனிந்த தலை நிமிராமல் எல்லோரும் காய் எடுத்துக்கொண்டிருப்பார்கள். "ஆளை வேலை வாங்கத் தெரிஞ்சவன்யா" என்பார். அன்றைக்குச் சீனிச்சாமியைக் கையில் பிடிக்க முடியாது.

சானல் மாற்ற வாக்கிடாக்கியைக் கேபிளால் கம்ப்யூட்டரோடு கோர்க்க வேண்டும். அந்தக் கேபிளுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் டிரைவர் என்று ஒரு தரகர் வேண்டுமாம். தௌஹீத் புத்தம்புதுத் தரகரை இறக்கினான். அவர் வந்ததும் வராததுமாக, கேபிளுக்குள் இருக்கும் சில்லு டூப்ளிகேட்டு, தொடமாட்டேன் என்றுவிட்டார்.

"பழைய டிரைவர்னா டூப்ளிகேட்டைப் பெருசா எடுத்துக்காதுண்ணே. தேடுவோம்."

ஏதோ ஒரு இணையதளத்தில் பழையது கிடைத்தது. கூடவே ரம்மி விளையாட்டும் வந்து திரை நடுவில் குந்திக்கொண்டது. அதைக் கிளப்பப் போய்ப் பிரிண்டர் படுத்துவிட்டது. ஆதார் பிரிண்டுக்கு நின்ற சனம் சீனிச்சாமியை முறைத்தது. பிரிண்டரை எழுப்பினால், கம்ப்யூட்டர் தன்னாலே அப்டேட் ஆகிப் பழைய தரகரை விரட்டிவிட்டுப் புதியவரையே கூட்டிவந்து உட்காரவைத்தது. கடைசியில் பழையதை மறுபடி ஏற்றிவிட்டு, நெட் வயரையே உருவிப் போட்டான் தௌஹீத். கரண்டு பில் கட்ட வந்தவர்கள் இப்போது வாய்விட்டே திட்டினார்கள். சீனிச்சாமி அத்தனை பேருக்கும் டீ சொல்லிச் சமாளித்தார்.

சாயங்காலம் எல்லா வாக்கிடாக்கியிலும் புதுச் சானல் ஏறியது. காதில் வைத்தால் மலையாளமும் இல்லை, மத்தியும் இல்லை. சீனிச்சாமிக்கு அழுகையே வந்துவிட்டது.

"வேலை பொழைச்சுதுடா தம்பி" என்று தௌஹீத்தைக் கட்டிக்கொண்டார்.

திங்கட்கிழமை காலையில் முதலாளி ஜீப்பு வந்து நின்றது. சீனிச்சாமி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அவரைச் சரிவுக்குக் கூட்டிப்போனார். அங்கே மொத்தக் கூட்டமும் மரநிழலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தது. ஒருத்தி இன்னொருத்திக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள். காலிப் பைகள் ஒரு ஓரமாகக் கிடந்தன. முதலாளி திரும்பிச் சீனிச்சாமியைப் பார்த்தார்.

சீனிச்சாமி, அந்தக் கூட்டத்தின் வாக்கிடாக்கியை வைத்திருக்கும் பொன்னுமணியிடம் ஓடினார். "என்ன ஆத்தா இது? எப்பவும் வேலையில இருப்பீங்களே, இன்னைக்கு மானத்தை வாங்கிட்டீங்களே."

பொன்னுமணி பதறி எழுந்து வாக்கிடாக்கியை நீட்டினாள்.

"மொதலாளி ஜீப்பு பக்கத்து எஸ்டேட் கேட்டைத் தாண்டுனா அந்தச் சேட்டன் இதுல சொல்லிருவாரு, நாங்களும் எந்திரிச்சிருவோம், இன்னைக்கு அவரு சத்தத்தையே காணோமேண்ணே."