விரிசல் அண்ணாச்சியும் வெள்ளைக்காரக் கோபுரமும்

உலகமே கோயிலுக்குப் போய்க் கவலையை இறக்கி வைக்கும். கோயிலைப் பற்றியே கவலைப்பட்டவர் விரிசல் அண்ணாச்சி ஒருவர்தான்.

சாத்தான்குளத்துப் பக்கம் எங்கள் ஊர்க் கிறிஸ்தவச் சபையில் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்குட்டி அவர். கையில் முழ நீளச் சாவியோடு திரிவார். மணியடிப்பதும் பெருக்குவதும் சம்பள வேலை. கோபுரம் விழுந்துவிடும் என்று பயப்படுவது இலவசச் சேவை.

கோயிலைக் கட்டிய வெள்ளைக்காரப் பாதிரியார், இங்கிலாந்தில் தன் கிராமத்தில் பல நூற்றாண்டாக நிற்கும் கோயில் போலவே வேண்டும் என்றாராம். அதனால் கூர்முனைச் சன்னல்கள், சுவருக்கு முட்டுக் கொடுக்கும் கல் தாங்கிகள், உறைபனி வழுக்கி விழச் செங்குத்தான கூரை. எங்கள் செம்மணல் தேரிக்காட்டில் மழையே வழி தவறித்தான் வரும். அந்த இங்கிலாந்துக் கோயிலுக்குக் கோபுரம் சில தலைமுறை கழித்தே சேர்ந்ததாம், இங்கும் அப்படியே பிந்தித்தான் கட்டினார்கள். பிந்திய கோபுரச் சுவர் பழைய கோயில் சுவரோடு சேருமிடத்தில் ஒரு விரிசல்.

நான் பனையேறி மகள், வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள், தூத்துக்குடியில் சிவில் இன்ஜினியர். ஊரே கோபுரத்தடியில் உட்கார்ந்து உண்ணும் அசன விருந்துக்கு முன் சபை என்னைக் கூப்பிட்டது. "இரு சுவரும் தனித்தனியே இறங்கியதால் வந்த பழைய விரிசல், ஆபத்தில்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். இன்ஜினியராக என் முதல் கையெழுத்து. அண்ணாச்சியின் நிம்மதிக்காக விரிசலின் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டும் ஒட்டினேன். சுவர் அசைந்தால் அது உடையும்.

அசனத்தன்று காலையில் அண்ணாச்சியின் போன். "ஏளா, ஒடஞ்சிட்டு."

ஓடி வந்தால், அடுப்பில் கறி கொதிக்கிறது. போதகர் என் முகத்தையே பார்க்கிறார். ஏணியில் ஏறி, விரிசலின் இருபுறமும் நான் கீறியிருந்த கோடுகளை அளந்தேன். மயிரிழைகூட விலகவில்லை.

"அண்ணாச்சி, இதத் தொட்டியளா?"

"நான் ஏன் தொடுதேன்? தட்டித்தான் பாத்தேன்."

"எப்போ?"

"மணியடிக்கப் போம்போதெல்லாம்."

"எதால?"

"சாவியாலதான்."

இலை போட்டார்கள். அண்ணாச்சி மட்டும் உட்காரவில்லை. கோபுரச் சுவருக்கு முதுகால் முட்டுக் கொடுத்து நின்றார்.

"விழாதுன்னு எழுதியே குடுத்திருக்கேன். சாப்பிட வாங்க அண்ணாச்சி."

"படிச்ச பிள்ள, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். ஆனா விழுந்துட்டுன்னா பழி உம்மேலல்லா வரும். எல்லாரும் சாப்ட்டு எந்திரிக்கட்டும்."

போன வருஷம் அண்ணாச்சி போய்ச் சேர்ந்தார். கோபுரம் விழவில்லை, விழாது. இந்த அசனத்தில் கடைசிப் பந்தி எழும்வரை அந்தச் சுவரில் முதுகை வைத்து நின்றது நான்தான்.