ஆனைக்காசும் ஆமைக்காசும்

ஏழு ஆறுகளில் ஆறு வற்றிப்போன பிறகும் ஏழாற்று நாடு என்ற பெயரை விடாமல் வைத்திருந்த ஒரு நாடு இருந்தது. அங்கே ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் தவறாமல் நடந்தது. மிச்சமிருக்கும் ஆற்றின் மதகை எப்போது பழுதுபார்ப்பீர்கள் என்று மக்கள் கேட்பார்கள். ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஆண்ட இரண்டு அரசர்களில் யார் பெரியவர் என்று கட்சிகள் பதில் சொல்லும்.

அந்த இருவரில் ஒருவர் தம் காசில் ஆனையைப் பொறித்தவர், மற்றவர் ஆமையை. இதற்கு மேல் அவர்களைப் பற்றி எவருக்கும் எதுவும் தெரியாது. அதனால் விவாதத்துக்குத் தடையே இல்லை. ஆனைவேந்தர் குளம் வெட்டினார் என்றது ஆளுங்கட்சி. வெட்டிய குளத்தில் ஆமைவேந்தரைத் தள்ளினார் என்றது எதிர்க்கட்சி. சபை பதினொரு நாள் நடந்தது. பன்னிரண்டாம் நாள் மதகு உடைந்தது.

சான்று வேண்டும் என்று ஆளுங்கட்சித் தலைவரான நாட்டுநாயகர் முடிவுசெய்தார். எவருடைய காசு அதிகம் கிடைக்கிறதோ அவரே பெரியவர். நாட்டில் பழங்காசு சேர்ப்பவர் ஒருவர்தான் இருந்தார்: கடைத்தெருவில் விளக்கெண்ணெய் விற்ற மரகதவல்லி. ஆற்றுமணலைச் சலிப்பவர்களிடம் முப்பது வருடம் பேரம் பேசி நாற்பத்தொரு செப்புக்காசு வாங்கி, பஞ்சு விரித்த பெட்டியில் வைத்திருந்தார். வேறு சொத்து அவருக்கு இல்லை; வேண்டியிருக்கவும் இல்லை.

நாணயத்துறை அமைச்சர் பரங்கிரிநாதர் வந்து எண்ணிப் பார்த்தார். ஆனை பத்தொன்பது, ஆமை இருபத்திரண்டு. மறுநாளே முதல் ஆணை வந்தது. எண்ணிப் பார்ப்பது நம் மரபல்ல. ஆகவே ஆமை உள்ள காசுகள் யாவும், ஆனைவேந்தருக்கு எடுக்கப்போகும் விழா முடிந்ததும் உருக்கப்படும். அடுத்த ஆணைப்படி, ஆனைக்காசுகள் விழாவில் பளபளவென்று காட்சிக்கு வைக்கப்படும். அவற்றைத் துலக்க வீட்டுக்கு ஒரு வீசை புளி வரியாகச் செலுத்த வேண்டும். ஊரில் ரசம் நின்றது. எலுமிச்சம்பழம் பிழிந்து சமாளித்தவர்கள் மீது விழாவை இழிவுபடுத்தியதாக வழக்குப் பதிவானது.

பழங்காசு சேர்ப்பவர்கள் காசைத் தேய்க்க மாட்டார்கள். பச்சைக் களிம்புதான் அதன் வயதுக்குச் சாட்சி. தேய்த்தால் மதிப்புப் போய்விடும். மரகதவல்லி கடை வாசலில் நின்று அமைச்சரிடம் பேரம் பேசினார்.

"காசைக் கொண்டுபோங்க சாமி. புளி மட்டும் வேணாம்."

"சரித்திரம்னா பளிச்சுனு இருக்கணும்மா. எங்க நாயகரே தினம் ரெண்டு வேளை கடலைமாவு தேய்ச்சுத்தான் குளிக்கிறார்."

"தேய்ச்சா உள்ள என்ன இருக்கோ அது வெளிய வந்துடும் சாமி."

"அதைத்தானே நாங்களும் கேக்குறோம்."

விழாவில் முதல் காசை அமைச்சரே தம் கையால் தேய்த்தார். களிம்பு கழன்றது. ஆனை தெரிந்தது. ஆனையின் வயிற்றுக்குள் ஒரு ஆமையின் ஓடும், துதிக்கை ஓரமாக ஒரு ஆமைக் காலும் தெரிந்தன. பத்தொன்பதிலும் அப்படியே. ஆனைவேந்தர் புதுச்செம்பு வாங்கவில்லை. தமக்கு முன் ஆண்ட ஆமைவேந்தரின் காசையே சூடாக்கி, அதன்மேல் தம் முத்திரையை அடித்திருக்கிறார். மரகதவல்லிக்கு இது இருபது வருடமாகத் தெரியும். கட்டைவிரலை ஓட்டினால் மேடு தட்டும். வெளியே சொன்னால் பெட்டி கைவிட்டுப் போகும் என்று பேசாமல் இருந்தார்.

சட்ட அதிகாரி எழுந்து ஆணையை வாசித்தார். ஆமை உள்ள காசுகள் யாவும் உருக்கப்பட வேண்டும். ஆகவே ஆனைகளும் உலைக்குப் போகும். கூட்டத்தில் ஒருவர் மதகைப் பற்றிக் கேட்டார். அவரை உட்காரவைத்தார்கள். பெட்டி காலியாகப் போவதைக் கண்ட மரகதவல்லி மேடைக்குப் போய் நாயகரிடமே பேசினார்.

"உருக்கினா கையில செம்புக்கட்டிதான் மிஞ்சும் நாயகரே. அந்த ஆனைராசா செஞ்சதையே நீங்களும் செஞ்சுடுங்க. மேல உங்க முகத்தை அடிங்க. அடிச்சு எங்கிட்டயே குடுங்க, தலைமுறைக்கும் பத்திரமா இருக்கும்."

நாயகர் யோசித்தார். யோசிக்கும்போது எதிரேயிருந்த கண்ணாடிப் பேழையில் தம் முகத்தைப் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டார். மூன்றாம் ஆணை அன்றே வந்தது: ஏழாற்று நாட்டை இதற்கு முன் எவரும் ஆண்டதில்லை.

பத்து நாள் கழித்து, காசடிக்கும் அக்கசாலையின் தலைவர் குப்பாண்டி பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். நாற்பத்தொன்றும் இருந்தன. மரகதவல்லி ஒன்றை எடுத்துக் கட்டைவிரலை ஓட்டினார். நாயகரின் கன்னத்துக்கு அடியில் ஆனை தட்டியது. அதற்கும் அடியில் ஆமை. மேலே நாயகரின் மூக்குதான் சரியாக விழவில்லை.

"என்னண்ணே, முகம் இவ்வளவு மங்கலா இருக்கு. அவர் கோவிச்சுக்க மாட்டாரா?"

"வேணும்னுதான் தங்கச்சி மெல்ல அடிச்சேன்," என்றார் குப்பாண்டி. "தேர்தல் வருதுல்ல. அடுத்தவருக்கும் இடம் வேணுமே."