தகட்டுக்குச் சந்தனம் பூசிய கதை

ஆயர் ஈத்தாம், பினாங்கு,
12.3.1994

அன்பும் மரியாதையும் நிறைந்த விநாசித்தம்பி மச்சானுக்கு,

உங்கள் தங்கையின் கணவனும், துறைமுக ஆபீசில் முப்பது வருஷம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவனுமான சிவகுருநாதன் எழுதுவது. இங்கு என் மானம் ஒன்றைத் தவிர யாவும் நலம். அங்கு ஈப்போவில் உங்கள் மூட்டுவலி குறைந்திருக்கும் என நம்புகிறேன்.

நீங்கள்தான் உங்கள் தங்கை செல்வநாயகிக்குப் புத்தி சொல்ல வேண்டும். பழைய வேனுக்குள் கட்டிலும் அடுப்பும் வைத்து, கூரையில் வெயிலிலிருந்து கரண்டு எடுக்கும் தகடு பூட்டி, உள்ளே பேட்டரியும் வைத்து, அவளைக் கிழக்குக் கரையில் இருக்கும் திரங்கானு வரை கூட்டிப் போவதாக வாக்குக் கொடுத்திருந்தேன் அல்லவா? முதலில் ஒத்திகையாகத் தெலுக் பஹாங் கடற்கரைக்குப் போனோம். அதற்குப் பத்து நாள் முன்பே பூசை போட்டாயிற்று. எல்லோரும் வண்டியின் முன்கண்ணாடிக்குத்தான் பொட்டு வைப்பார்கள். விலை கூடின சாமானுக்கு மரியாதையும் கூட வேண்டுமென்று நான் ஏணி போட்டு ஏறி, தகடு முழுக்க மூன்று பட்டை விபூதி குழைத்துப் பூசி, நடுவில் சந்தனம் அப்பி, மேலே கதம்ப மாலையும் சார்த்தி, துடைத்தால் தெய்வக் குற்றம் என்று அப்படியே விட்டேன். அந்தப் பத்து நாளும் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு, "பாருங்க, பில் வராத வெளிச்சம்!" என்று விளக்கைப் போட்டுப் போட்டுக் காட்டினேன். கடற்கரையில் வேன் சூடாகிவிடுமே என்று பெரிய மரமாகத் தேடி நிழலில் வேறு நிறுத்தினேன். என் மூளையை என்னவென்று சொல்ல! பொழுது சாயும்போது காற்றாடி முனகிக்கொண்டே நின்றது, விளக்கு சிவந்து அணைந்தது, ஐஸ்பெட்டிக்குள் இருந்த மீன் நாறத் தொடங்கியது. இருட்டில் இரண்டு மணி நேரம் குந்தியிருந்துவிட்டு வீடு திரும்பினோம்.

மறுநாள் சுங்கை பினாங்கில் வண்டிப் பட்டறை வைத்திருக்கும் ஹனீபா கூரையில் ஏறிப் பார்த்தவர், இறங்காமல் அங்கேயே உட்கார்ந்து சிரித்தார். "அங்கிள், இதுக்கு வெயில்தான் சாப்பாடு லா! ஒரு மூலைய மறைச்சாலே பாதி உசிரு போயிடும். நீங்க விபூதி பூசி, மாலையும் போட்டு நிழல்ல படுக்க வச்சிருக்கீங்களே, அதுக்கு என்ன அர்த்தம் அங்கிள்?"

இப்போது துடைத்துவிட்டேன், வெயிலில்தான் நிறுத்துகிறேன், பேட்டரியில் கரண்டைப் பாதிக்குக் கீழே இறங்க விடுவதில்லை. அவளுக்குப் பொழுது போகட்டுமென்று பேட்டரியில் ஓடும் சின்ன டிவி ஒன்றும் வாங்கிப் பூட்டியிருக்கிறேன். அதைப் பார்த்துவிட்டு, "நான் வரல, நீங்களே போங்க" என்கிறாள். மூன்று நாளாக அதே பேச்சு. அவள் வராமல் நான் தனியாக எங்கே போவது மச்சான்? இனி ஒரு நாளும் இருட்டில் உட்கார வைக்க மாட்டேன் என்று என் சார்பில் எழுதுங்கள். அண்ணன் சொன்னால் கேட்பாள்.

மாரியம்மன் துணையால் உங்கள் வீட்டில் எல்லோரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
புத்தி வந்துவிட்டதாக நம்பும்
சிவகுருநாதன்

பி.கு.: அண்ணே, இது செல்வநாயகி. தபாலில் போடச் சொல்லிக் கொடுத்தார், உறை சரியாக ஒட்டவில்லை, படித்துவிட்டேன். கரண்டு போன அந்த இரண்டு மணி நேரமும் அவர் என்னோடு பேசிக்கொண்டிருந்தார் அண்ணே. பள்ளிக்கூடத்தில் அடி வாங்கினது, ஆபீஸ் கக்கூஸில் ஒளிந்து அழுதது, என்னைப் பெண் பார்க்க வந்த அன்று பயந்தது எல்லாம் சொன்னார். முப்பத்திரண்டு வருஷமாக எனக்கு இதெல்லாம் தெரியாது. வீட்டில் அவர் டிவியைத்தானே பார்க்கிறார், என்னையா? அந்தச் சின்ன டிவியை நீங்கள் அவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அது வேனிலிருந்து இறங்கினால் நான் ஏறுகிறேன்.