செல்வி அக்கா எறாவுக்கு நான் வச்ச டெஸ்ட்டு

போன வாரம் எனக்கு இருந்தது ஒரே வேல. செல்வி அக்கா பழவேற்காடு ஏரியில கையால புடிக்கிற எறாவுல ஆன்டிபயாடிக் மருந்து இருக்கா இல்லையானு பாத்துச் சொல்லணும்.

நான் மெட்ராஸ்ல ஒரு காலேஜ் லேப்ல வேல பாக்குறேன். சுகர் பாக்குற மிஷின் மாதிரி ஒண்ண எங்க லேப் மேடம் குடுத்தனுப்புனாங்க. எறாவ நசுக்கி, டியூப்ல தண்ணி ஊத்திக் குலுக்கி, மிஷின்ல சொருகுற பட்டையில ஒரு சொட்டு வுடணும். மருந்து இருந்தா செவப்பு லைட்டு, இல்லைனா பச்ச.

அக்காவுக்கு அது பெரிய நாளு. "பண்ணையில வளக்குற எறாவுக்கு மருந்து போடுறாங்க. உங்க எறா சுத்தம்னு காட்டுனா வாராவாரம் எடுத்துக்கிறேன்"னு ஒரு ஓட்டல்காரர் வண்டியோட கரையில நின்னாரு.

நான் சும்மா இருந்திருக்கலாம். நானும் இதே ஏரிக்கரை ஆரம்பாக்கத்துக்காரன்னு காட்டணுமே. பேண்ட்ட மடிச்சுக்கிட்டு எறங்கி, அக்கா மாதிரியே சேத்துல கைய வுட்டுத் தடவுனேன். எறா வரல. நண்டு வந்துச்சு, என் வெரல கவ்விக்கிட்டு.

கைவைத்தியம் பண்ணிக்கிட்டு டெஸ்ட்டுக்கு ஒக்காந்தேன். பையில க்ளவுஸ் இருந்துச்சு. ஏரிக்கரையில பொறந்தவனுக்கு எறாவத் தொட க்ளவுஸானு அத எடுக்கல. டியூப்ப வெரலால பொத்திக் குலுக்குனேன்.

செவப்பு.

"இன்னா நைனா செவக்குது?"

"மருந்து இருக்குக்கா."

"ஏரிக்கு எவன் மாத்திர குடுத்தான்?"

அடுத்த கூடை. அதுவும் செவப்பு. பண்ண தண்ணி ஏரியில கலக்குற கதைய நான் விலாவாரியா எடுத்து வுட்டேன். ஓட்டல்காரர் வண்டி சாவிய கையில எடுத்துட்டாரு.

அக்கா கொரலு எறங்கிப் போச்சு. "நைனா, ரெண்டு மாசமா அலைஞ்சு புடிச்ச ஆளு. கெடுத்துராத."

மேடத்துக்கு போன் போட்டு ஸ்பீக்கர்ல வச்சேன்.

"எறா போடாம வெறும் தண்ணிய பாரு"ன்னாங்க.

புது டியூப், கேன் தண்ணி, பொத்துனேன், குலுக்குனேன். செவப்பு.

"தண்ணிக்கும் ஒடம்பு சரியில்லயா?"ன்னு கேட்ட அக்கா, என் கையவே பாத்துச்சு. "வெரல்ல இன்னா அது, மஞ்சத்தூளா?"

"இல்லக்கா. நண்டு கவ்வுச்சுல்ல, கேப்சூல ஒடச்சு பவுடர அப்புனேன்."

"இன்னா கேப்சூலு?"

பையில இருந்த மாத்திர அட்டைய எடுத்து சத்தமாப் படிச்சேன். ஆன்டிபயாடிக்.

போன்ல மேடம், "க்ளவுஸ் எங்க?"ன்னாங்க.

"பையில பத்திரமா இருக்கு மேடம்."

அக்கா அத எடுத்து மாட்டிக்கிச்சு. என்னைப் பத்தடி தள்ளி ஒக்கார வச்சுட்டு, மேடம் சொல்லச் சொல்ல அதுவே எறாவ நசுக்குச்சு, மூடியப் போட்டுக் குலுக்குச்சு. ஆமா, டியூப்புக்கு மூடி இருந்துச்சு.

பச்ச. அடுத்த கூடையும் பச்ச. ஓட்டல்காரர் ஐஸ் பொட்டியத் தொறந்தாரு.

கெளம்புறப்ப, "அடுத்த வாரமும் டெஸ்ட்டு இருக்குக்கா"ன்னேன்.

"மிஷின மட்டும் பஸ்ஸுல ஏத்தி வுடு நைனா. நீ வராத."