பொருத்தம் பாயும் நீலப் பெட்டிக் கார்டும்

மதுரையில் பொருத்தம் பார்ப்பதற்கு அவரைவிடப் பெரிய ஆள் இதுவரை பிறக்கவில்லை; இனிப் பிறந்தாலும் கடை போட இடம் கிடைக்காது. பொருத்தம் என்றால் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் அல்ல; பழைய கம்ப்யூட்டருக்கும் அதில் படம் காட்டும் கிராபிக்ஸ் கார்டுக்கும். அதனால் எங்கள் தெருவுக்கே அவர் பொருத்தம் பாய்.

அந்தக் காலத்தில் கார்டு செய்த இரண்டு கம்பெனிகளுக்கும் ஆகாது. ஒன்றுக்காக எழுதிய சாஃப்ட்வேர் இன்னொன்றில் ஓடாது. பாய் அவற்றை ஒரே அலமாரியில்கூட வைக்க மாட்டார். ஒரு கம்பெனியின் மஞ்சள் பெட்டி கிழக்குச் சுவரில், மற்றதன் நீலப் பெட்டி மேற்குச் சுவரில். மேலூரிலிருந்து வந்த ஒருவர், "ஏதோ ஒரு கார்டப் போட்டு விடுங்கண்ணே" என்று சொல்லிவிட்டார். "ஏதோ ஒரு பொண்ணக் கட்டிக்கிருவீகளா?" என்று கேட்டு, டீ வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பினார் பாய்.

போன மாதம் நானே மாட்டிக்கொண்டேன். என் மகள் கயலுக்குக் கல்யாணம். ஆறு வயதில் எங்கள் பழைய கம்ப்யூட்டரில் அவள் வரைந்த குடும்பப் படம் கல்யாணப் பத்திரிகையில் வந்தே ஆக வேண்டும் என்றாள். அச்சகம் கொடுத்த கெடு இரண்டே நாள். அந்தப் படத்தைத் திறக்கும் சாஃப்ட்வேருக்கு மஞ்சள் பெட்டிக் கார்டுதான் வேண்டும். எங்களுடையது எப்போதோ செத்துவிட்டது. பாயின் கிழக்குச் சுவரிலும் அந்த வகை தீர்ந்திருந்தது.

"நீலத்தப் போட்டா என்ன பாய்?"

"போடலாம் மாப்ள. உன் மக மூஞ்சி பச்சையா வரும், பரவாயில்லையா?"

போட்டுப் பார்த்தோம். மூஞ்சியே வரவில்லை, திரை முழுக்கக் கோடுகள். கயல் கண் கலங்கிவிட்டாள். அதைப் பார்த்த பாய் போய்க் கடையை உள்பக்கம் பூட்டிக்கொண்டார். மறுநாள் மதியம் ஒரு ஃப்ளாப்பியோடு வந்தார்.

"நடுவுல ஒரு தரகர எழுதிருக்கேன் மாப்ள. சாஃப்ட்வேர் மஞ்சக் கார்டுன்னு நெனச்சு இவருகிட்ட கேக்கும். இவரு அத நீலத்துக்கிட்ட பக்குவமா சொல்லுவாரு. ரெண்டு பேரும் நேர்ல பாத்துக்கவே வேணாம்."

படம் மெல்ல வந்தது. வீடு, நான், என் மனைவி, கயல். எங்கள் மூவரையும்விடப் பெரிதாக, தலையில் தொப்பியும் கையில் ஸ்குரூ டிரைவருமாக நான்காவது ஆள். வாரம் ஒருமுறை கம்ப்யூட்டர் படுத்துக்கொண்ட அந்த நாட்களில் பாய் எங்கள் வீட்டில்தான் கிடப்பார். பிள்ளை அவரையும் குடும்பக் கணக்கில் சேர்த்துவிட்டிருக்கிறாள்.

பாய் திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தார். "இது யாரு, இம்புட்டுக் குண்டா?" என்றார். பிறகு, "அந்தாள அழிச்சிரு கயலு. கல்யாணப் பத்திரிகையில வெளியாளு எதுக்கு?"

"இதுல வெளியாளு எங்க இருக்காக, மாமா?" என்றாள் கயல்.

பத்திரிகை அப்படியே அச்சாகிவிட்டது. அந்தக் குண்டு மனிதர் யார் என்று மாப்பிள்ளை வீட்டில் எல்லாரும் கேட்கிறார்கள். பொண்ணுக்குத் தாய்மாமன் என்றுதான் சொல்லி வருகிறேன்.